பூசை மேசையில் ஒரு லீ என்ஃபீல்ட்

வெள்ளிக்கிழமை பின்னேரம் லண்டன் மோர்டனில் தன் வீட்டுக் கதவைத் திறந்த பத்மநாதனுக்கு முதலில் சாம்பிராணி மணந்தது. அது எதிர்பார்த்ததுதான், சரஸ்வதி பூசை நாளல்லவா. ஆனால் சாம்பிராணிக்குப் பின்னால் இன்னொரு மணமும் வந்தது. பழப்புளி. கறிக்குக் கரைத்த புளியின் மணமில்லை, பித்தளைச் சாமான் விளக்குகிறபோது வருகிற அந்தப் புளிச்ச மணம். குத்துவிளக்கு விளக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு சப்பாத்தைக் கழற்றினார். மற்றதைக் கழற்றக் குனிந்தவர், ஹோலுக்குள் கண் போனதும் அப்படியே நின்றுவிட்டார்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் மேசை. வெள்ளைச் சீலை விரித்து, அதன்மேல் கத்திரிக்கோல், தேங்காய் திருவலை, தையல் மெஷின், கார்ச் சாவி, மகளின் பழைய லப்டொப், வெங்காயம் வெட்டுகிற கத்தி. எல்லாவற்றுக்கும் நடுவே, மல்லிகைச் சரம் சுற்றி, சந்தனமும் குங்குமமும் அப்பி, நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது அவருடைய லீ என்ஃபீல்ட்.

முதலாம் உலகப்போருக்கு முன்னம் செய்த துவக்கு. குழாயை அடைத்து, இனி ஒருநாளும் சுடமுடியாதபடி பண்ணி, அதற்குச் சான்றிதழும் வாங்கின துவக்கு. லண்டனில் இப்படிப் பழைய துவக்குச் சேர்க்கிற ஆட்களுக்குச் சுடுகிற ஆசையெல்லாம் இல்லை. துவக்கு பட்டறையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா, ஆணி மாறவில்லையா, மரம் மாறவில்லையா, இலக்கம் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அவர்களின் பைத்தியம். ஒன்றும் மாறாத துவக்குக்கு ஒரு விலை. ஒரு ஆணி மாறினால் வேறு விலை. யாராவது ஆசைப்பட்டு வார்னிஷ் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், விறகு விலை.

பத்மநாதனின் துவக்கில் அப்படி ஒருவரும் கை வைக்கவில்லை. இன்று காலை வரைக்கும்.

"அத்தான் வந்திட்டார்!" என்று குசினியிலிருந்து ஓடி வந்தாள் பவளக்கொடி, மனைவி ஷாமளாவின் தங்கை. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து நவராத்திரிக்கு வந்து நிற்கிறாள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. வந்த அன்றைக்கே தமக்கையின் அலுமாரிகளை ஒழுங்குபண்ணி, அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒரு சாமானும் அம்பிடவில்லை. "எப்பிடி இருக்கு அத்தான்? பொன் மாதிரி மின்னுதெல்லே!"

"பவளம்," என்றார் பத்மநாதன். ஒற்றைச் சப்பாத்தோடு நின்றுகொண்டு. "என்ன செய்தனீர்?"

"சின்ன அறைக் கட்டில்ல போர்வையால மூடிக் கிடந்தது. ஐயோ, என்ன ஊத்தை அத்தான்! நூறு வருசமா ஒருத்தரும் துடைக்கேல்லைப் போல. பித்தளை எல்லாம் கறுத்துப்போய். புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சன், பிறகு தேசிக்காய். மரத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசினனான். குடிச்சுது பாருங்கோ, பாவம், தாகம் பிடிச்சது மாதிரி."

"அது ஊத்தையில்லை."

"பின்ன?"

"களிம்பு. நூறு வருசக் களிம்பு. அதுக்குத்தான் விலையே."

பவளக்கொடி அவரை ஒருமுறை பார்த்தாள், தமக்கையை ஒருமுறை பார்த்தாள். அத்தான் பகிடி விடுகிறார் என்றுதான் அவளுக்குப் பட்டது. "ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்கிறதுதானே முறை? நாங்களெல்லாம் கத்திரிக்கோலையும் திருவலையையும் வைச்சுச் சமாளிக்கிறம். வீட்டில உண்மையான ஆயுதம் ஒண்டு கிடக்கேக்க அதை வைக்காமல் விட்டால் அம்மாளாச்சி என்ன நினைப்பா?"

பத்மநாதன் ஒரு எட்டு முன்னே வைத்துக் கையை நீட்டினார்.

"தொடாதேங்கோ!" ஷாமளா கற்பூரத் தட்டோடு குறுக்கே வந்தாள். "பூசையில வைச்சதை நாளைக்கு விடிய விஜயதசமிப் பூசை முடிச்சுத்தான் எடுக்கலாம். தெரியாத மாதிரி நிக்கிறியள். சப்பாத்தோட வேற!"

"ஷாமளா, ஞாயிற்றுக்கிழமை எனக்கு எக்ஸிபிஷன்."

"ஞாயிறுதானே. நாளைக்குச் சனி."

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான் அவருக்கு ஒரு மாதமாகச் சரியான நித்திரை இல்லை. லூயிஷாமில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுகிற பழந்துவக்குச் சங்கத்தில் அவர் பல வருசமாக உறுப்பினர். அங்கே எந்தத் துவக்கு அசல், எது ஒட்டு வேலை என்று கடைசிச் சொல் சொல்லுகிற மதிப்பீட்டாளர் ஒருவர் உண்டு. இதுவரை இருந்த வெள்ளைக்காரக் கிழவருக்குக் கண் மங்கிவிட்டது. சங்கத் தலைவர் டெரிக் அந்த இடத்துக்குப் பத்மநாதனின் பெயரைச் சொல்லிவிட்டார், ஞாயிறு எல்லோர் முன்னாலும் அறிவிக்கிறதுதான் பாக்கி. அறிவிக்கும்போது நடு மேசையில் பத்மநாதனின் லீ என்ஃபீல்ட் இருக்கவேண்டும். ஏனென்றால் அதன் பிடங்கில், தோளில் முட்டுக் கொடுக்கிற அந்த மரப்பாகத்தில், ஒரு பித்தளை வில்லை இருக்கிறது. ஒரு நாணயமளவு. அதில் சிலோன் தொண்டர் படை ஒன்றின் எழுத்துகள் குத்தியிருக்கும். அந்த நாட்டில் பாவித்த துவக்கு, அந்த வில்லையோடு, ஒருவரும் தொடாமல், லண்டனில் ஒரு யாழ்ப்பாணத்தானின் கையில்! டெரிக் அதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்.

பிழை பிடிப்பதில் பத்மநாதனுக்குப் பழக்கம் அதிகம். கவுன்சிலில் அவருக்கு வேலையே அதுதான்: கட்டின வீட்டை வரைபடத்தோடு ஒப்பிட்டு, எங்கே களவு செய்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. அந்தக் கண்ணோடுதான் துவக்கையும் பார்ப்பார். சங்கத்தில் அவர் பூதக்கண்ணாடியை எடுத்தால் எதிரில் நிற்பவர் தன் துவக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

ஜம்புநாதனும் ஒருமுறை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார், போன மாரி கழிந்த நேரம். ஜம்புநாதன் மலேசியத் தமிழர், ஈப்போவிலிருந்து எஞ்சினியரிங் படிக்க வந்து இங்கேயே வேலை பார்த்து ஓய்வெடுத்தவர். மலாயாக் காட்டுக்கென்று செய்த குட்டைத் துவக்கு ஒன்றைத் தேடித் தேடி வாங்கி, பெருமையாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பத்மநாதன் அதைக் கையிலெடுத்து, இரண்டு பக்கமும் திருப்பி, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: சாதாரண நீட்டுத் துவக்கை வெட்டிக் குட்டையாக்கின வேலை, பாரம் குறைக்க இரும்பில் செதுக்கியிருக்க வேண்டிய பள்ளங்கள் இல்லை, யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டான் என்று. சொன்னது உண்மைதான். ஆனால் சொன்ன விதத்தில் நாலுபேர் சிரித்தார்கள். ஜம்புநாதனும் சிரித்தார், துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார், அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் வரவில்லை.

இப்போது பூசை மேசைக்கு முன்னால் பத்மநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒரு பக்கம் போய்க் குனிந்தார். மறுபக்கம் போய் முழந்தாளில் நின்றார். பித்தளை கன்னாபின்னாவென்று மின்னியது. ஷாமளா தேவாரம் பாடத் தொடங்கியும் அவர் குனிந்தபடியே இருந்தார். பவளக்கொடி அதைப் பக்தி என்று நினைத்துத் தமக்கையைப் பார்த்துத் தலையசைத்தாள்.

தீபம் காட்டுகிற நேரம். கற்பூரச் சுடர் மேசைக்கு மேலே வட்டம் போட்டது. அந்த வெளிச்சம் சரிந்து விழுந்தபோது வில்லை தெரிந்தது. பவளக்கொடி அதற்கும் சந்தனம் பூசி, பிறகு விரலால் வழித்துவிட்டிருந்தாள். சந்தனம் எழுத்துகளின் குழிக்குள் போய்க் காய்ந்து, சிலோன் எழுத்துகள் மஞ்சளாக எழும்பி நின்றன. அந்த எழுத்துகளுக்கு அடியில், மெல்லிய கோடுகளாக, மஞ்சளாக, இன்னும் ஏதோ நின்றது.

பத்மநாதன் தலையை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"மயிர் பத்தப்போகுது!" என்று ஷாமளா தட்டை இழுத்தாள்.

பூசை முடிந்து அவல் சாப்பிடும்போதும் அவர் கதிரையில் இருக்கவில்லை. கிண்ணத்தோடு நடந்தார். ஃபோனை எடுத்துக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தார், படம் கலங்கியது. மேசையின் விளிம்பில் முழங்கையை ஊன்றினார், ஷாமளா முழங்கையைத் தட்டிவிட்டாள்.

"என்னப்பா உங்களுக்கு? பவளம் தெரியாமல் செய்திட்டாள், விடுங்கோவன். ஒரு வருசத்தில பழையபடி கறுக்காதே?"

"அது இல்லை."

"பின்ன எது?"

எது என்று அவருக்கே இன்னும் நிச்சயமில்லை. விடிந்தால்தான் தொடலாம். விடிய எத்தனை நேரம் இருக்கிறது என்று மணிக்கூட்டைப் பார்ப்பதும் மேசையைப் பார்ப்பதுமாக நின்றார்.

சனிக்கிழமை காலை ஷாமளா விஜயதசமிப் பூசையைத் தொடங்கியபோது மனிசன் குளித்து, வேட்டி கட்டி, கையில் பூதக்கண்ணாடியோடு நின்றார். அப்படி ஒரு நாளும் அவர் பூசைக்கு நேரத்துக்கு வந்ததில்லை. ஷாமளா வேண்டுமென்றே எல்லாத் தேவாரத்தையும் ஆறுதலாகப் பாடினாள். கடைசியில் பூவைத் தூவி, "எடுங்கோ" என்றதும், பவளக்கொடி திருவலையை எடுக்கமுன் அவர் துவக்கைத் தூக்கிக்கொண்டு குசினி யன்னலுக்கு ஓடினார்.

வில்லையைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. கழற்றினார். உள்ளங்கையில் வைத்து, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பினார்.

சிலோன் எழுத்துகளுக்கு அடியில் வேறு எழுத்துகள் இருந்தன. அராவித் தேய்த்திருக்கிறார்கள், ஆனால் முழுதாய்த் தேயவில்லை. அடியிலிருந்தது இங்கிலாந்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து மாணவர் படையின் அடையாளம். பொடியன்கள் மைதானத்தில் லெஃப்ட் ரைட் போட்ட துவக்கு. அது சிலோனைக் கனவிலும் கண்டதில்லை. யாரோ அந்த எழுத்தைத் தேய்த்து, மேலே சிலோன் எழுத்தைக் குத்தி, களிம்பு பிடிக்கவைத்து ஏலத்தில் விட்டிருக்கிறார்கள். அந்த ஏலத்தில் கையைத் தூக்கியது யார்? இந்த மகாபெரிய மதிப்பீட்டாளர்தான்.

வில்லையின் விளிம்பும் மெலிந்திருந்தது. விரலால் தடவினாலே தெரிந்திருக்கும். அவர் ஒருநாளும் தடவிப் பார்க்கவில்லை. மற்றவர்களுடையதை எல்லாம் தடவினார், தன்னுடையதில் சிலோன் என்று கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன அத்தான்?" பவளக்கொடி பின்னால் வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது. நேற்றே அக்காளிடம் வாங்கிக் கட்டியிருப்பாள். "நான் பழுதாக்கிப்போட்டனோ?"

"இல்லை. நீர் நல்லாத்தான் விளக்கியிருக்கிறீர்."

"அப்ப ஏன் முகம் இப்பிடி?"

அவர் பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். அவள் பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை, ஷாமளாவைக் கூப்பிட்டாள். ஷாமளா மூக்குக்கண்ணாடியும் போட்டுப் பார்த்துவிட்டு நேரே கேட்டாள்: "அப்ப உது கள்ளமோ?"

"வில்லை கள்ளம். துவக்கு உண்மை."

"எனக்கு உந்த வித்தியாசம் விளங்காது. நாளைக்கு அங்க என்ன சொல்லப்போறியள்?"

அதுதான் விசயம். சொன்னால், எல்லோருடைய துவக்கையும் நாறடித்தவன் தன்னுடையதில் ஏமாந்தான் என்று சங்கம் முழுக்கச் சிரிக்கும். மதிப்பீட்டாளர் இடம் போகும். அதுகூடப் பரவாயில்லை. இனி அவர் எதை அசல் என்று சொன்னாலும், "உம்முடைய சிலோன் துவக்கு மாதிரியோ?" என்று யாராவது கேட்பான். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. களிம்பைத் திரும்பப் பிடிக்கவைத்தால் போதும். எப்படிப் பிடிக்கவைப்பது என்று அவருக்கு அச்சொட்டாகத் தெரியும். மற்றவர்கள் செய்ததைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துப் பழகின வித்தைதானே.

பத்மநாதன் தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனார். திரும்பி வந்தார். காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அமோனியா ஒரு போத்தல் வாங்கினார். மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி தேடினார், பவளக்கொடி ஒழுங்குபண்ணின அலுமாரியில் அது அம்பிடவில்லை. கடைசியில் ஷாமளா வடகம் போட்டு வைத்திருந்த பெட்டியைக் கொட்டிவிட்டு எடுத்தார். பெட்டிக்கு அடியில் அமோனியாவை ஊற்றி, மேலே வில்லையை நூலில் தொங்கவிட்டு, கொட்டிலுக்குள் வைத்து மூடினார். ஆவி பட்டால் பித்தளை தானாகக் கறுக்கும். பிடங்கின் அடியிலுள்ள பித்தளைத் தகட்டுக்கு வழி வேறு, துணியை அமோனியாவில் நனைத்து அதன்மேல் ஒற்றினார்.

"தேத்தண்ணிச் சாயத்தில ஊறப்போட்டாலும் பழசு மாதிரி வரும் அத்தான்," என்றாள் பவளக்கொடி, உதவுகிற ஆசையில். "நாங்கள் நாடகத்துக்கு அப்பிடித்தான் வேட்டி பழசாக்கிறனாங்கள்."

"பவளம், நீர் உள்ள போம்."

"வீட்டுக்குள்ளயோ கொட்டிலுக்குள்ளயோ ஒரு இடத்தில நில்லுங்கோ," என்று ஷாமளா யன்னலால் சத்தம் போட்டாள். "சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ, மறைக்கிறதெண்டால் மறையுங்கோ. ரெண்டுக்கும் நடுவில என்ர கம்பளத்தைத் தேய்க்காதேங்கோ!"

அவர் கொட்டிலுக்குள் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார், கண் எரிந்தது, மூடினார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பவும் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் ஃபோன் அடித்தது. ஜம்புநாதன்.

"பத்மா! எப்படி இருக்கீங்க? பேசி நாளாச்சு."

"ஜம்பு அண்ணை..." பத்மநாதனுக்கு அமோனியாவால் தொண்டை கரகரத்தது. "ஓம், இருக்கிறன். நீங்கள்?"

"கோவிச்சுக்கிட்டு இருந்தேன் லா. உண்மையைத்தான் சொல்றேன். அப்புறம் யோசிச்சேன், ஆள் சொன்னது சரிதானே, சரியா சொன்னவர் மேல என்ன கோவம்? நாளைக்கு வர்றேன். டெரிக் சொன்னாரு, உங்க சிலோன் துப்பாக்கியை நடுவுல வைக்கிறீங்களாமே. அதைப் பாக்கணும். இன்னொண்ணு, நானும் புதுசா ஒண்ணு வாங்கியிருக்கேன். யாருகிட்டயும் காட்டல. நீங்க பாத்து ஒரிஜினல்னு சொன்னாதான் அதை வெச்சிருப்பேன், இல்லேன்னா வித்துடுவேன்."

"நான் சொன்னாலோ?"

"நீங்க சொன்னாதான்."

ஃபோனை வைத்தபிறகு பத்மநாதன் மூடியைத் தூக்கினார். வில்லை மண்ணிறமாகியிருந்தது. மெத்தப் பழசு. மிக அழகான களிம்பு. அடியிலிருந்த பள்ளிக்கூட எழுத்துகள் வெறுங்கண்ணுக்கு மறைந்துவிட்டன. அவருடைய வேலை அவ்வளவு சுத்தம், இன்னொருவர் கொண்டுவந்து காட்டினால் அவரே ஏமாந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லையைப் பழையபடி பூட்டி, துவக்கைப் போர்வையில் சுற்றினார். காரில் ஏறுகிறபோது பவளக்கொடி வந்து, "அத்தான், என்னால எண்டு அங்க சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். லூயிஷாம் போய்ச்சேரும்வரை வழியிலிருந்த எல்லாச் சிவப்பு விளக்கிலும் அவருக்குக் கால் துடித்துக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் நீட்டு மேசைகள், பச்சைத் துணி, தேத்தண்ணிப் பாத்திரத்தின் சீற்றம். டெரிக் அவரைக் கட்டிப்பிடித்தார். நடு மேசையில் லீ என்ஃபீல்டுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். வைத்ததும் நாலைந்துபேர் சுற்றிக் குனிந்தார்கள். ஆகா, ஓகோ. மரம் கொஞ்சம் மினுங்குதே என்று ஒருவர் கேட்டார். வீட்டில் எண்ணெய் பட்டுவிட்டது என்று பத்மநாதன் சொன்னார். அது பொய்யில்லை. பொய்யில்லாத அந்த ஒரு வசனத்தைச் சொன்னபோதே அவருக்கு வியர்த்தது. கோட்டைக் கழற்றினார், திரும்பப் போட்டார், தேத்தண்ணி எடுத்தார், குடிக்காமல் எங்கோ வைத்துவிட்டுத் தேடினார்.

ஜம்புநாதன் வந்தார். உயரமான மனிசர், தோளில் ஒரு நீட்டுப் பை. பையை இறக்காமலே நேரே நடு மேசைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதுபோல நின்றார்.

"தொடலாமா?"

"தொடுங்கோ அண்ணை."

அவர் தொடவில்லை. விரலை வில்லைக்கு மேலே காற்றில் வைத்துக்கொண்டு பார்த்தார். "இந்தக் கலரைப் பாருங்க. இதை யாராலயும் உண்டாக்க முடியாது, வருசந்தான் உண்டாக்கணும். நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எங்க வீட்டுல கூட சொன்னேன்."

பத்மநாதனின் கை சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தது, வைத்தது, எடுத்தது.

டெரிக் ஒரு கரண்டியால் கோப்பையைத் தட்டினார். மண்டபம் அமைதியானது. புதிய மதிப்பீட்டாளரை அறிவிக்கப்போவதாகவும், அவருடைய முதல் வேலையாக நண்பர் ஜம்புநாதன் கொண்டுவந்த துவக்கை எல்லோர் முன்னிலையிலும் பார்த்துச் சொல்வார் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜம்புநாதன் பையின் ஜிப்பைத் திறந்து ஒரு துவக்கை எடுத்தார். அதன் பிடங்கிலும் ஒரு பித்தளை வில்லை இருந்தது.

அதைப் பத்மநாதனின் பக்கம் நீட்டினார். நீட்டியும் பிடியை விடவில்லை. போன தடவை நினைவு அவருக்கும் இருக்கும்தானே. "சொல்லுங்க பத்மா. பயப்படாம சொல்லுங்க. நீங்க சொன்னா சரி."

பத்மநாதன் துவக்கை வாங்கவில்லை. பூதக்கண்ணாடியைத்தான் நீட்டினார்.

"அண்ணை, முதல்ல நீங்கள் என்ரயைப் பாருங்கோ."

"உங்களோடதா? பாத்துட்டேனே."

"கண்ணால பார்த்தனீங்கள். வில்லையை இதால பாருங்கோ. வெளிச்சத்தைச் சரிச்சுப் பிடியுங்கோ. உந்த ஃபோன் லைட்டைப் போடுங்கோ, பக்கத்தால. ஓம், அப்பிடி."

ஜம்புநாதன் தன் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். டெரிக் சிரித்துக்கொண்டே கோப்பையோடு காத்திருந்தார், இது ஏதோ இவர்களுடைய மரியாதை என்று நினைத்திருப்பார். நேரம் போனது. பத்மநாதன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். ஜம்புநாதன் தலையைத் தூக்கவேயில்லை. பிறகு குனிந்த வாக்கிலேயே, மெதுவாக, தமிழில் கேட்டார்.

"பத்மா. அடியில இன்னொரு எழுத்து இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நேற்றிலிருந்து. அந்தக் களிம்பும் நேற்றையதுதான். நான்தான் கறுக்க வைச்சனான்."

ஜம்புநாதன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. ஒரு நொடி சந்தோசம்கூட வந்தது, அதை அவர் மறைக்கவில்லை. "நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார்.

பத்மநாதனே மண்டபத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். வில்லை தேய்த்துக் குத்தினது. அடியில் பள்ளிக்கூட அடையாளம். ஏலத்தில் எடுத்தபோது நான் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவில்லை. நேற்று அமோனியாவில் கறுக்கவைத்து இங்கே கொண்டுவந்தேன். துவக்கு சிலோன் துவக்கல்ல. ஒவ்வொரு வசனத்துக்கும் இன்னும் ஒருவர் நடு மேசைக்குக் கிட்ட வந்தார். கடைசி மேசையில் யாரோ சிரித்தார்கள். போன தடவை ஜம்புநாதனைப் பார்த்துச் சிரித்த அதே குரலோ என்று பத்மநாதனுக்குப் பட்டது, திரும்பிப் பார்க்கவில்லை.

டெரிக் கோப்பையை வைத்தார். மதிப்பீட்டாளர் விசயத்தைக் குழு இன்னொருமுறை கூடி முடிவு செய்யும் என்று மெல்லச் சொன்னார். பிறகு பத்மநாதனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேறு மேசைக்குப் போனார். கூட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து தேத்தண்ணிப் பக்கம் போனது. அங்கே என்ன கதைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நடு மேசையில் அவரும் ஜம்புநாதனும்தான் மிச்சம்.

ஜம்புநாதன் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. லீ என்ஃபீல்டைக் கையிலெடுத்து, ஆறுதலாக, மேலிருந்து கீழே பார்க்கத் தொடங்கினார். "இந்த வார் மாட்டுற வளையம் அப்புறமா யாரோ போட்டது," என்றார். "இந்த ஆணியும் புதுசு போல இருக்கே. மரத்துல இது என்ன வாசம், தேங்காயெண்ணெயா? ஐயய்யோ."

"இன்னும் பாருங்கோ," என்றார் பத்மநாதன்.

"பாப்பேன் லா. விடுவேனா?" அவர் முழுதாகப் பார்த்து முடித்தார். ஒன்றையும் விடவில்லை. பிறகு துவக்கைப் பக்குவமாக மேசையில் கிடத்தி, பூதக்கண்ணாடியைத் துடைத்து, தன்னுடைய துவக்கின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்துத் தள்ளினார். "இப்ப இது. ஒரிஜினலா இல்லையா?"

"இப்பவும் என்னட்டையோ கேக்கிறியள்?"

"வேற யாருகிட்ட கேப்பேன்?"

பத்மநாதன் வாங்கினார். இலக்கங்களைப் பார்த்தார், பொருந்தின. மரத்தைப் பார்த்தார். வில்லையின் விளிம்பைப் பெருவிரலால் தடவினார், தடிப்பாக இருந்தது. வெளிச்சத்தை இந்தப் பக்கம் சரித்தார், அந்தப் பக்கம் சரித்தார். முன்பென்றால் இதற்குள் வாய் திறந்திருப்பார். யன்னலடிக்கு எடுத்துப்போனார், கழற்றட்டோ என்று கேட்டார், திருகாணியைக் கழற்றி வில்லையின் பின்பக்கத்தையும் பார்த்தார். திரும்ப மேசைக்குக் கொண்டுவந்து, திரும்ப யன்னலுக்குக் கொண்டுபோனார்.

"எனக்குச் சரியா நிச்சயமில்லை அண்ணை," என்றார் கடைசியில். "நல்லதாத்தான் தெரியுது. ஆனா நாளைக்குப் பகல் வெளிச்சத்தில இன்னொருக்காப் பார்த்தால்தான் சொல்லலாம்."

"நாளைக்கா!" ஜம்புநாதன் மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டார். "என்னுதை முன்னாடி ரெண்டு நிமிசத்துல முடிச்சீங்களே!"

"ஓம்," என்று சொல்லிக்கொண்டு, பத்மநாதன் திரும்பவும் யன்னலடிக்குப் போய்க் கண்ணாடியைக் கண்ணில் வைத்தார்.